ரன்னிங்ல இருக்கு

"சார், ஓடிக்கிட்டே யாரு சார் மெஷினத் துடைப்பாங்க?"

கேட்டவன் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்துவிட்டு வந்த பையன். ஒரகடம் கூட்டுரோட்டுக்கு அருகே ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இரவு ஷிஃப்ட் முடித்து, ரூமுக்குக்கூடப் போகாமல் நேராக வகுப்புக்கு வந்திருந்தான். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் மெஷினுக்குப் பக்கத்துப் போர்டில் இருந்ததை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருந்தான். வியர்வையில் பாதி கலைந்துபோயிருந்தது. கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் படித்தேன். மேலே ஆங்கில வரி: 'டோன்ட் கிளீன் த மெஷின் ஒய்ல் ரன்னிங்'. கீழே அதன் தமிழ்: 'ஓடிக்கொண்டே இயந்திரத்தைச் சுத்தம் செய்யாதே'.

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அந்த மெஷினைத் துடைக்கிற வேலை அவனுடையது. ஓடுவது யார் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

தமிழில் எழுதியவரைக் குறை சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் குழப்பம் மேல் வரியிலேயே இருக்கிறது. 'ரன்னிங்' என்ற சொல் எதைத் தொற்றிக்கொண்டு நிற்கிறது, மெஷினையா, துடைக்கிற ஆளையா என்று அந்த ஆங்கில வரி சொல்லவில்லை. ஆங்கில இலக்கணக்காரர்கள் இதை ஆதாரமில்லாமல் தொங்கும் சொல் என்று பல காலமாகக் கண்டித்து வருகிறார்கள். ஆலைக்காரர்கள் அதைத் தகரத்தில் அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு என் பாடத்திட்டத்தில் இருந்தது வேறு. அதை மூடி வைத்துவிட்டு 'இங்' பற்றிப் பேச ஆரம்பித்தேன். மூன்று மாதமாகியும் அதிலிருந்து நாங்கள் வெளியே வரவில்லை. வர வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

இந்தப் பக்கத்துக் காற்றில் 'இங்' கலந்திருக்கிறது. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து, 1998இல் முதல் சான்ட்ரோ கார் வெளியேறியதிலிருந்து தொடங்கிய கதை இது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர், அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு. இவற்றைச் சுற்றி இவற்றுக்குப் பாகம் செய்து தரும் நூற்றுக்கணக்கான பட்டறைகள், ஆலைகள். சிங்கபெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் காலை ஐந்து மணிக்கு நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து திருவண்ணாமலை, விழுப்புரம், தர்மபுரிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். அந்தப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பேச்சை மட்டும் கேளுங்கள். வெல்டிங், கிரைண்டிங், மோல்டிங், பஃபிங், கோட்டிங், டெஸ்டிங், பேக்கிங், லோடிங். மாத்தூரில் ஒரு ரூமில் ஆறு பேர் தங்கியிருந்தால், நீ எதில் இருக்கிறாய் என்ற கேள்விக்கு ஆறு பேருக்கும் ஆறு 'இங்' பதிலாக இருக்கும்.

தமிழ்ச் சொல் எந்தெந்த எழுத்தில் முடியலாம் என்று நன்னூல் 24 எழுத்துகளை எண்ணிச் சொல்கிறது. அந்தக் கணக்கில் ங் கிடையாது. நன்னூல் எழுதிய பவணந்தியார் அடைத்த அந்தக் கதவு வழியாக இன்று ஆயிரக்கணக்கான சொற்கள் உள்ளே வந்துவிட்டன. ஆனாலும் பழைய பழக்கம் முழுசாக விட்டுப்போகவில்லை. ஆங்கிலேயன் 'மீட்டிங்' என்று மூக்கிலேயே நிறுத்திவிடுவான். நம் பிள்ளைகள் 'மீட்டிங்குக்கு', 'வெல்டிங்கை' என்று ஒரு ககரத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். சங்கு, பங்கு, நுங்கு என்று ககரத்தோடு சேர்ந்தே ஙகரத்தைக் கேட்டு வளர்ந்த காது அது. தனியாக நிற்கும் ங் அந்தக் காதுக்கு அரைகுறையாகத் தோன்றுகிறது, உடனே ஒரு துணையைக் கொடுத்து உட்காரவைத்துவிடுகிறது.

பள்ளியில் இவர்களுக்கு 'இங்' பாடம் நடக்காமல் இல்லை. பெயராக வந்தால் ஜெரண்ட், பெயரடையாக வந்தால் பிரசன்ட் பார்ட்டிசிப்பிள், 'இஸ்', 'வாஸ்' உடன் வந்தால் கன்டினியுவஸ் டென்ஸ். ரென் அண்ட் மார்ட்டின் காலத்திலிருந்து நோட்ஸ் நோட்ஸாக இறங்கி வந்த விளக்கம். ஒருவன் எழுந்து நின்று மூன்றையும் ஒப்பித்தான், ஒரு சொல் பிசகவில்லை. "சரி, நீ வேலை செய்யும் வெல்டிங் ஷாப்பில் இருக்கும் வெல்டிங் எது?" என்றேன். விழித்தான். அவன் படித்த விளக்கத்துக்கும் அவன் கையில் இருக்கும் ராடுக்கும் நடுவே யாரும் பாலம் போட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பாலத்துக்கு வேண்டிய பலகை முழுவதும் பள்ளித் தமிழ்ப் புத்தகங்களில் கிடந்தது. ஆங்கில ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, வகுப்புக்குள் போனதும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்போல நடந்துகொள்ளும் கல்விமுறை நம்முடையது. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. நானும் பாலிடெக்னிக்கில் இருபது வருஷம் அப்படித்தான் நடத்தினேன்.

தொல்காப்பியம் பெயரையும் வினையையும் பிரிக்க வைத்திருக்கும் சோதனை எளிமையானது. பெயர் வேற்றுமை உருபை ஏற்கும், காலம் காட்டாது. வினை காலம் காட்டும், வேற்றுமை உருபை ஏற்காது. இந்த ஒன்றை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, ஷாப்பில் நாள் முழுக்கப் பேசும் 'இங்' வாக்கியங்களைச் சொல்லச் சொன்னேன்.

"வெல்டிங்க முடிச்சிட்டு வரேன்." ஐ உருபு.

"பெயிண்டிங்குக்கு அனுப்பியாச்சு." கு உருபு.

"அசெம்பிளி லைன் ரன்னிங்ல இருக்கு." இல் உருபு.

மூன்றாவது வாக்கியத்தில் நான் நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் 'த லைன் இஸ் ரன்னிங்' என்றால் 'ரன்னிங்' வினையின் பகுதி. அதற்குப் பின்னால் எந்த உருபும் ஒட்டாது. தமிழ்ப் பிள்ளையோ அதையும் பெயராக வாங்கி, ஏழாம் வேற்றுமை கொடுத்து, 'இருக்கு' என்ற தமிழ் வினையின் மேல் உட்காரவைத்துவிட்டான். ஓட்டத்தில் இருக்கிறது. அவன் அறியாமையால் செய்தது என்று முன்பெல்லாம் நினைத்துத் திருத்தியிருக்கிறேன். ஆங்கிலத்தின் பழைய வரலாற்றைப் படித்தபிறகு திருத்தும் கை தயங்குகிறது.

பழைய ஆங்கிலத்தில் இந்த இரண்டு வேலைகளுக்கும் இரண்டு தனி விகுதிகள் இருந்தன. தொழிற்பெயருக்கு 'உங்' அல்லது 'இங்'. எச்சம் போன்ற வடிவத்துக்கு 'எண்டெ'. வேட்டையாடுதல் என்றால் 'ஹுன்டுங்', வேட்டையாடுகிற என்றால் 'ஹுன்டியெண்டெ'. சாஸர் எழுதிய பதினான்காம் நூற்றாண்டுக்குள் தென் இங்கிலாந்தில் ஒலிகள் தேய்ந்து இரண்டும் ஒரே 'இங்'காக ஒட்டிக்கொண்டன. ஸ்காட்லாந்துப் பக்கம் இன்னும் கொஞ்ச காலம் தனித்தனியாகவே வாழ்ந்தன. இன்றைக்கு மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சிக்கல் முழுவதும் அந்த ஒட்டலில் பிறந்தது. அன்று 'வேட்டையாடிக்கொண்டிருக்கிறான்' என்று சொல்ல அவர்களுக்கு இருந்த வழிகளில் ஒன்று, 'அவன் வேட்டையாடுதலின் மேல் இருக்கிறான்' என்று 'ஆன்' என்ற முன்னிடைச்சொல்லைப் போடுவது. அந்த 'ஆன்' தேய்ந்து 'அ' ஆகி, 'அ-ஹன்ட்டிங்' என்று பழம்பாட்டுகளில் ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு காணாமலே போயிற்று. இன்றைய கன்டினியுவஸ் டென்ஸுக்கு அதுவும் ஓர் ஊற்று என்பது மொழி வரலாற்றாளர்கள் பலர் ஏற்கும் கருத்து. ஆக, 'ரன்னிங்ல இருக்கு' என்று சொல்லும் பையன், ஆங்கிலம் தேய்த்துத் தொலைத்த உருபைத் தமிழிலிருந்து எடுத்து மறுபடி பொருத்துகிறான். தேர்வுத்தாளில் அது தவறுதான். ஆனால் அந்தச் சொல்லின் எலும்பு எங்கே இருக்கிறது என்று அவன் கைக்குத் தெரிந்திருக்கிறது.

தொழிற்பெயர் விகுதிகளாகத் தமிழ் இலக்கண நூல்கள் தல், அல், அம், ஐ, கை என்று தொடங்கி 19ஐ எண்ணுகின்றன. ஆங்கிலத்திலும் 'ஷன்', 'மென்ட்' என்று வேறு சில உண்டு. ஆனால் எந்த வினையைக் கொடுத்தாலும் தயங்காமல் ஒட்டுவது 'இங்'. நம் 'தல்' மாதிரி. இதுவரை பிள்ளைகள் எளிதாக வந்துவிட்டார்கள். அடுத்த கட்டத்துக்குக் கேன்டீன்தான் உதவியது.

"நேத்து மதியம் கேன்டீன்ல என்ன போட்டாங்க?"

"சாம்பார், பீட்ரூட் பொரியல், ரசம் சார்."

பொரியல் என்பது பொரித்தல். தட்டில் விழுந்த பீட்ரூட்டுக்கும் அதே பேர். அவியல், வறுவல், துவையல், வற்றல், பொங்கல் எல்லாம் இதே வழிதான். செயலின் பெயர், செயலால் உண்டான பொருளுக்கு ஆகிவருகிறது. தொழிலாகுபெயர். பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண். இதைச் சொல்லி முடிப்பதற்குள், மெஷின் ஷாப்பில் வேலை செய்யும் வாலாஜாபாத் பையன், "அப்ப காஸ்டிங் பொரியல் சார்" என்றான். ஆமாம். வார்ப்பதும் காஸ்டிங், வார்த்து வந்த இரும்பும் காஸ்டிங். 'அம்பது காஸ்டிங் வந்துருக்கு' என்று எண்ணலாம். எண்ண முடிந்துவிட்டால் அது பொருள்தான். ஃபோர்ஜிங், கேஸிங், ஃபிட்டிங், வயரிங், லைனிங் எல்லாம் இந்தப் பந்தியில் உட்காரும். பேரிங் கொஞ்சம் தள்ளி உட்காரும். அது செய்து முடித்த பொருள் இல்லை, தாங்குகிற பொருள். ரிங்கும் ஸ்ப்ரிங்கும் இந்த வீட்டுப் பிள்ளைகளே கிடையாது, ஒலி மட்டும் ஒத்துப்போகிறது.

பிரஸ் ஷாப் பையன் ஒருவன் அப்போது ஒரு சிக்கலைக் கொண்டுவந்தான். காரின் கதவு, பானெட் போன்ற தகடுகளை அச்சில் வைத்து அழுத்தி இழுத்து வடிவமாக்கும் வேலைக்கு டிராயிங் என்று பேர். தகடு சுருங்காமலும் கிழியாமலும் அச்சின் பள்ளத்துக்குள் வழிந்து இறங்க வேண்டும், மொத்த வேலையிலும் கஷ்டமானது அதுதான். அதே ஷாப்பில் அளவுகள் குறித்த வரைபடத் தாளுக்கும் டிராயிங் என்றே பேர். 'டிராயிங்ல ப்ராப்ளம்' என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால் தாளில் பிழையா, தகட்டில் கிழிசலா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இவன் புதிதாகச் சேர்ந்தபோது, கிழிந்த தகட்டைப் பார்க்கக் கூப்பிட்டவருக்கு ஆபீஸ் ரூமுக்கு ஓடித் தாளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். திட்டு வாங்கியிருக்கிறான். "நான் லூசுன்னு நினைச்சிட்டாங்க சார்" என்றான். அவன் கேட்டது தொழிலாகுபெயரை, சொன்னவர் நினைத்தது தொழிற்பெயரை. இதை அவனிடம் சொன்னபோது அவன் முகம் தெளிந்ததை நான் மறக்கமாட்டேன். தன் தவறுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது மடத்தனம் இல்லை, ஆயிரம் வருஷமாக மொழியில் நடந்துவரும் ஒன்று என்று தெரிவதில் ஒரு மரியாதை திரும்பக் கிடைக்கிறது.

இப்போது 'இங்' இன்னொரு பெயருக்கு முன்னால் நிற்கும் இடங்கள். ஆங்கிலப் புத்தகங்கள் இங்கே இரண்டு பெட்டிதான் வைத்திருக்கின்றன. 'மூவிங் கன்வேயர்' என்றால் நகர்கிற கன்வேயர், அது பார்ட்டிசிப்பிள். 'வெல்டிங் மெஷின்' என்றால் வெல்டிங்குக்கான மெஷின், அது ஜெரண்ட். அழுத்தத்திலும் வித்தியாசம் உண்டு: வெல்டிங் மெஷினில் முதல் சொல் ஓங்கும், மூவிங் கன்வேயரில் இரண்டாவதும் ஓங்கும். சரியான விளக்கம்தான். ஆனால் எங்கள் வகுப்பில் இரண்டு பெட்டி போதவில்லை. குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே 'ட்ரிங்கிங் வாட்டர்' என்று எழுதியிருக்கிறது. தண்ணீர் குடிப்பதில்லை, அதனால் பார்ட்டிசிப்பிள் இல்லை. வெல்டிங் மெஷின் வெல்டிங் செய்வதுபோலத் தண்ணீர் எதையும் செய்வதும் இல்லை. பெட்டியில் போடலாம், ஆனால் மூடி சரியாக உட்காராது.

பெயரெச்சம் எந்தெந்தப் பெயரைக் கொண்டு முடியும் என்று தொல்காப்பியர் ஆறைச் சொல்கிறார்: நிலம், செயப்படுபொருள், காலம், கருவி, வினைமுதல், வினை. ஒரு செயலைச் சுற்றி என்னென்ன நிற்க முடியுமோ அவ்வளவும் வந்துவிட்டது. இந்த ஆறையும் பலகையில் தலைப்பாக எழுதிவிட்டு, அவரவர் ஆலையில் கண்ட பெயர்ப்பலகைகளைக் கீழே நிரப்பச் சொன்னேன். சாக்பீஸுக்குச் சண்டை போட்டார்கள். 'பெயிண்டிங் பூத்', 'பார்க்கிங் ஏரியா', 'டைனிங் ஹால்' நிலத்துக்குக் கீழே. 'ட்ரிங்கிங் வாட்டர்' செயப்படுபொருளுக்குக் கீழே. 'வொர்க்கிங் ஹவர்ஸ்' காலம். 'வெல்டிங் மெஷின்', 'கட்டிங் ஆயில்', 'லிஃப்டிங் செயின்' கருவி. 'மூவிங் கன்வேயர்', 'ரொட்டேட்டிங் ஷாஃப்ட்' வினைமுதல். வினைக்குக் கீழே வெகுநேரம் ஒன்றும் இல்லை. கடைசியில் வந்தவாசிப் பெண் ஒருத்தி எழுந்து வந்து 'ரன்னிங் ரேஸ்' என்று எழுதினாள். ஓடும் ஓட்டம். வெள்ளைக்காரன் பெரும்பாலும் வெறும் 'ரேஸ்' என்பான், நம் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் அடிக்கடி கேட்கும் சொல் அது. பலகையில் அது அவ்வளவு சரியாக உட்கார்ந்தது.

பிறகு ஒருவன் 'மூவிங் பார்ட்ஸ்' என்று எழுதப்போனவன் சாக்பீஸோடு நின்றான். எங்கே எழுதுவது? நகரும் பாகங்கள் என்றால் வினைமுதல். ஆனால் அவன் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை செய்கிறான். அவன் டியூட்டி சார்ட்டில் 'மூவிங் பார்ட்ஸ்' என்றால் பாகங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துதல். அது இந்த ஆறிலுமே வராது, அது தொழிற்பெயரும் அதன் செயப்படுபொருளும். 'ஃப்ளையிங் ப்ளேன்ஸ்' என்ற இதேபோன்ற இரட்டைப் பொருளை நோம் சாம்ஸ்கி எடுத்துக்காட்டாகச் சொல்லி, அது உலக மொழியியல் வகுப்புகளிலெல்லாம் பரவியது. விமானத்தை ஓட்டுவதா, பறக்கும் விமானமா? ஒரகடத்து ஸ்டோர்ஸ் பையன் அந்த வகுப்புகள் எதிலும் உட்காராமல் அதே இடத்துக்கு வந்து நின்றிருந்தான்.

ரன்னிங் ரேஸ் எழுதிய பெண்ணுக்கு 'இங்' விளையாட்டாக இருந்ததில்லை. அவள் சுங்குவார்சத்திரம் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் லைனில் நிற்கிறாள். ஒருநாள் ஸ்க்ரூ சரியாக இறங்கவில்லை என்று சந்தேகம் வந்து, தன் ஸ்டேஷனை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள். நல்ல வேலைக்காரி செய்கிற காரியம். ஷிஃப்ட் முடிவில் ரிப்போர்ட்டில் எழுதினாள்: 'ஐ ஸ்டாப்ட் செக்கிங் த ஸ்க்ரூஸ்'. மறுநாள் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். ஏன் சரிபார்ப்பதை நிறுத்தினாய்? அவள் சொல்ல வந்தது, சரிபார்க்க நிறுத்தினேன் என்று. 'ஸ்டாப்ட் டு செக்' என்று இருக்க வேண்டியது 'ஸ்டாப்ட் செக்கிங்' ஆனதில், கவனமாக இருந்தவள் காகிதத்தில் கவனமில்லாதவள் ஆகிவிட்டாள். மேற்பார்வையாளர் ஒருவர் நேரில் பார்த்திருந்ததால் தப்பித்தாள்.

இதை நான் வகுப்பில் ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ் என்று விளக்கியிருந்தால் அடுத்த வாரம் மறந்திருப்பாள். 'சரிபார்ப்பதை' என்று ஐ உருபு வந்தால் 'இங்'. 'சரிபார்க்க' என்று செயவென் எச்சம் வந்தால் 'டு'. இரண்டையும் தமிழில் அவள் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை, ஐந்து வயதில்கூட. அவளிடம் ஏற்கெனவே இருந்ததைத் தொட்டுக்காட்டினால் போதுமாக இருந்தது. 'ரிமெம்பர்', 'ஃபர்கெட்' இரண்டுக்கும் இதே சாவி திறக்கிறது: வால்வை மூடியதை மறந்தேன், வால்வை மூட மறந்தேன். இரண்டாவதில் வால்வு திறந்தே கிடக்கிறது. எல்லா இடத்திலும் இந்தச் சாவி பொருந்தாது என்பதையும் சொல்லிவைத்தேன். 'என்ஜாய்' இங்கை மட்டும் கேட்கும், 'வான்ட்' டுவை மட்டும் கேட்கும், அதையெல்லாம் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரும்பவும் அந்த உள்ளங்கைக்கு வருகிறேன்.

'ஓடிக்கொண்டே துடைக்காதே' என்ற தமிழ் வரியில் என்ன பிழை என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிகிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை. தொல்காப்பியம் காரணம் சொல்கிறது. செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சமும் அதைத் தொடர்ந்து வரும் முடிக்கும் வினையும் ஒரே வினைமுதலுக்கு உரியவையாக இருக்க வேண்டும். துடைப்பவன் நீ என்றால் ஓடுபவனும் நீதான். வேறு வேறு வினைமுதல் வர வேண்டுமானால் செய என்னும் வாய்பாடு இருக்கிறது: சங்கு ஊத, ஷிஃப்ட் முடிந்தது. ஊதியது சங்கு, முடிந்தது ஷிஃப்ட். இதற்கு ஒரு விலக்கும் அங்கேயே உண்டு. உறுப்பின் வினை, அந்த உறுப்பை உடையவனின் வினையைக் கொண்டு முடியலாம். கால் வழுக்கி விழுந்தான் என்கிறோம். வழுக்கியது கால், விழுந்தது அவன். யாரும் குழம்புவதில்லை, கால் அவனுடையது. ஆங்கில இலக்கணக்காரர்கள் தொங்கும் எச்சங்களைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே ஒருவர் உட்கார்ந்து யோசித்து, விதியையும் விலக்கையும் சேர்த்தே எழுதிவைத்திருக்கிறார். மெஷின் ஆபரேட்டரின் கை மெஷினின் உறுப்பு இல்லை என்பதால் விலக்கு இந்தப் போர்டுக்குப் பொருந்தாது. 'இயந்திரம் ஓடும்போது துடைக்காதே' என்று நாங்கள் திருத்தி எழுதினோம். ஓடுவது எது என்று எழுவாய் போட்டுச் சொல்லிவிட்டால் யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

நம் ஆலைகளைப் பல பத்தாண்டுகள் ஆண்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இதே விஷயம் 22ஆம் பிரிவில் வருகிறது. ஓடும் இயந்திரத்தின் மேலோ அருகிலோ செய்யும் வேலை பற்றியது. அதை எழுதியவர்கள் அங்கே 'ஒய்ல் ரன்னிங்' என்று போடவில்லை. இயந்திரம் 'இன் மோஷன்' ஆக இருக்கையில் என்று எழுதினார்கள், எந்த இயந்திரம் என்பதையும் திரும்பச் சொன்னார்கள். 'இன் மோஷன்' என்றால் இயக்கத்தில். ரன்னிங்ல. சட்டம் எழுதிய கைகளும் ஒரகடத்துப் பையனின் நாக்கும் ஒரே பாதுகாப்பைத் தேடி ஒரே உருபில் வந்து சேர்ந்திருக்கின்றன.

பார்ட்டிசிப்பிள் என்ற லத்தீன் வழிச் சொல்லுக்குப் பங்கு கொள்வது என்று அடிப்பொருள். பெயரின் குணத்திலும் வினையின் குணத்திலும் பங்கு உள்ளது என்பதால் அந்தப் பெயர். நாம் எச்சம் என்றோம். முடியாமல் மிச்சம் நிற்பது. அவர்கள் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தார்கள், நாம் அது இன்னும் எதைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தோம். தமிழுக்கு இலக்கணம் எழுதிய ஐரோப்பியர்கள் நம் பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் பார்ட்டிசிப்பிள் என்றே மொழிபெயர்த்தார்கள். அந்த மொழிபெயர்ப்பில் அந்தத் தேடல் விடுபட்டுப்போயிற்று.

ஆங்கிலக்காரர்களே இப்போது பழைய பெட்டிகளில் முன்போல உறுதியாக இல்லை. குவெர்க்கும் அவர் தோழர்களும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணத்தில் 'பெயிண்டிங்' என்ற ஒரே சொல்லைப் பத்துக்கும் மேற்பட்ட வாக்கியங்களில் வைத்து, பெயர்த்தன்மையிலிருந்து வினைத்தன்மைக்கு அது படிப்படியாக நகர்வதைக் காட்டினார்கள். நடுப்படியில் நிற்பவற்றை எந்தப் பக்கம் தள்ளுவது என்று சொல்ல முடியாது. 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் கேம்பிரிட்ஜ் இலக்கணத்தில் ஜெரண்டையும் பார்ட்டிசிப்பிளையும் ஒரே வடிவமாகச் சேர்த்து 'ஜெரண்ட்-பார்ட்டிசிப்பிள்' என்று இரட்டைப் பெயர் கொடுத்துவிட்டார்கள். வடிவம் ஒன்று, வேலைகள் பல என்பதை ஒப்புக்கொண்டால் போதும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் பாதி சம்மதம். வடிவத்தைப் பிரிக்க வேண்டாம், சரி. வேலைகளைப் பிரித்தறியத் தெரியாவிட்டால் சரிபார்த்தவள் சரிபார்க்காதவள் ஆகிவிடுவாள்.

வகுப்பு முடிந்து சில நாள் ஸ்ரீபெரும்புதூர்வரை போய் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உட்கார்ந்திருப்பேன். ராமானுஜர் 1017இல் இந்த ஊரில் பிறந்ததாக மரபு. அவருடைய தத்துவத்தின் மையத்தில் ஓர் இலக்கணக் கேள்வி இருக்கிறது என்பது இங்கே வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. வெவ்வேறு காரணங்களால் வழங்கும் பல சொற்கள் எப்படி ஒரே பொருளைச் சுட்டுகின்றன? சாமாநாதிகரண்யம் என்பது அதன் பெயர். வேற்றுமையை அழிக்காமல் ஒருமையைச் சொல்ல அவர் அந்த இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினார். எங்கள் மாடியில் கேள்வி தலைகீழாக இருக்கிறது: ஒரே சொல் எப்படி வெவ்வேறு பொருளாக நிற்கிறது? ஆனால் ஒரு விகுதியின் மேல் இவ்வளவு நேரம் உட்கார்வது வீண் என்று தோன்றும்போது, இந்த மண்ணில் அது புதிதில்லை என்ற நினைப்பு எனக்கு உதவுகிறது.

போன வாரம் அந்த ஆறு தலைப்புகளை மறுபடி எழுதினேன். புதிதாக நாலு பேர் சேர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். பின்வரிசையில் ஒருவன், பார்த்தால் இருபத்தைந்து வயது இருக்கும், "டிரெயினிங்ல இருக்கேன் சார்" என்றான். எத்தனை நாளாக என்றேன். முதலில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம், அப்புறம் இன்னொன்றில் ஒரு வருஷம், இப்போது இது மூன்றாவது. மூன்றிலும் செய்வது ஒரே வேலை, பக்கத்தில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலை. சீட்டில் மட்டும் டிரெயினி. இந்தச் சாலை நெடுக இப்படி எத்தனையோ பிள்ளைகள். நோக்கியா ஆலை 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பர் 1 அன்று நின்றபோது ரன்னிங்ல இருந்த ஒன்று ஒரே நாளில் இல்லாமல் போவதை இந்த ஊர் பார்த்தது. ஆனால் முடியவே முடியாமல் நீள்கிற 'இங்'கை இவனிடம்தான் நான் இவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். தொழிற்பெயர் காலம் காட்டாது என்று சற்று முன்தான் பலகையில் எழுதியிருந்தேன்.

அவன் கையில் இருந்த ஆர்டர் தாளில் 'டிரெயினிங் பீரியட்' என்று ஒரு வரி இருந்தது. அதை வகுப்புக்குப் படித்துக்காட்டி, இது ஆறில் எது என்று கேட்டேன்.

"காலம் சார்" என்றாள் வந்தவாசிப் பெண். டைனிங் ஹால் நிலம் என்றால் இது காலம். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அவன் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "காலம்னா முடியணும்ல சார்?"